சபையில் எச்ஐவி ஊழியம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

போன மாதம் பக்கத்துச் சபையிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "அக்கா, எய்ட்ஸ் ஊழியம் ஆரம்பிக்கலாம்னு கமிட்டியில தீர்மானம் போட்டாச்சு. டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்துக்கு ஒரு ஊர்வலம் வச்சிருவோமா?" என்று கேட்டார்கள். ஊர்வலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் உட்காருங்கள் என்று சொல்லிக் காப்பி போட்டேன். அன்றைக்கு மூன்று மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்ச் சபைகளை மனதில் வைத்து எழுதினாலும், தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, எந்தச் சபைக்காரருக்கும் பொருந்தும்.

ஏன் சபை?

கமிட்டியில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "சர்க்கார் மாத்திரை கொடுக்குது, சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்குது, நமக்கு என்ன வேலை?" இதற்குப் பதில் தெரியாமல் தொடங்கினால் ஆறு மாதத்தில் வேலை நின்றுபோகும்.

முதல் பதில், இது நமக்குப் புதிய வேலை இல்லை. லண்டன் மிஷன் நெய்யூரில் மருத்துவ வேலையைத் தொடங்கியது 1838-ல். குஷ்டம் வந்தவரை ஊருக்கு வெளியே தள்ளிய காலத்தில் புண்ணைக் கழுவிக் கட்டியவர்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்களே, அந்த ரத்த மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தது வேலூர் சிஎம்சியில். சபைகள் சேர்ந்து நடத்துகிற ஆஸ்பத்திரி அது. நாகர்கோவிலில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியை நடத்தும் இரட்சணிய சேனைக்கு ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில் சிக்கன்கட்டா என்ற ஊரிலும் ஓர் ஆஸ்பத்திரி உண்டு. 1980-களின் கடைசியில், மருந்தே இல்லாத நாட்களில், எய்ட்ஸ் நோயாளிகளை வீட்டிலேயே போய்ப் பார்க்கும் முறையை அங்கே உருவாக்கினார்கள். பிறகு பல நாடுகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

இரண்டாவது பதில் கொஞ்சம் கசக்கும். மாத்திரை வாங்கப் போகிறவர் யார் கண்ணிலும் படாமல் போகப் பார்க்கிறாரே, அந்தக் கண் யாருடையது? நம்முடையதுதான். பாறசாலைக்காரர் நாகர்கோவிலுக்கு வருகிறார், மார்த்தாண்டத்துக்காரர் திருவனந்தபுரம் போகிறார். பக்கத்து ஆஸ்பத்திரி வரிசையில் சபைக்காரர் யாராவது நின்றுவிடுவார்களோ என்ற பயம். "பாவத்தின் சம்பளம்" என்று பிரசங்கபீடத்திலிருந்து நாம் வருஷக்கணக்காகச் சொன்னதன் பலன் இது. பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். யோவான் ஒன்பதாம் அதிகாரம். அதைப் படித்துக்கொண்டே நாம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கட்டிப்போட்டவர்கள்தான் அவிழ்க்கவும் வேண்டும்.

முதலில் வாயைக் கட்டுங்கள்

எந்தப் பயிற்சிக்கும் முன்னால் இது. சபையில் ஒரு ரகசியம் வெளியே போவது கெட்ட எண்ணத்தால் அல்ல, ஜெபத்தால். "நம்ம சபையில ஒரு சகோதரிக்கு ரத்தத்துல ஒரு பிரச்சினை, பேர் வேண்டாம், ஜெபிச்சுக்கிடுங்க" என்று புதன்கிழமை கூட்டத்தில் ஒருவர் சொன்னால், வியாழக்கிழமை காலைக்குள் பேரும் வீடும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஜெபக் குறிப்பைவிட வேகமாகப் போகும் தபால் இந்த வட்டாரத்தில் கிடையாது. இப்போது வாட்ஸ்ஆப் குழு வேறு.

அதனால் விதி இப்படி: இந்த வேலைக்கு மூன்று பேர், அதிகம் போனால் நான்கு பேர். அவர்களில் ஒரு பெண் கட்டாயம். யார் என்ன சொன்னாலும் அந்த மூவருக்குள் நிற்கும். கணவனுக்கும் மனைவிக்கும்கூடப் போகாது. போதகருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதைச் சம்பந்தப்பட்டவரே முடிவு செய்வார். அவருக்காகப் பொது ஜெபம் கிடையாது, தனியாக ஜெபியுங்கள், கர்த்தருக்குக் கேட்கும்.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி எய்ட்ஸ் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஒருவருடைய நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது, சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, வேலையிலோ பள்ளியிலோ வாடகை வீட்டிலோ ஒதுக்கக் கூடாது. கமிட்டிக்குச் சட்டத்தைக் காட்டினால் சிலர் சீக்கிரம் சம்மதிப்பார்கள். வசனத்தைவிடச் சட்டத்துக்குப் பயப்படுகிறவர்களும் சபையில் உண்டு.

அப்புறம் நீங்களே படித்துக்கொள்ளுங்கள்

டாக்டர் ஆக வேண்டியதில்லை. ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய அளவுதான்.

கிருமி பரவும் வழிகள் கொஞ்சம்தான்: பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் தாயிடமிருந்து பிள்ளைக்கு. தொடுவதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால், கொசுவால், கழிவறையால் பரவாது. இராப்போஜனத்தில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடித்தாலும் பரவாது. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், எல்லார் மனதிலும் இருக்கும். நீங்களாகவே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

இன்றைக்கு இது மாத்திரையால் கட்டுப்படும் வியாதி. 2004 ஏப்ரலிலிருந்து அரசு, கிருமியை அடக்கிவைக்கும் ஏஆர்டி மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. 2017 முதல், தொற்று உறுதியானால் ரத்தத்தில் சிடி4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு என்று பார்த்துக் காத்திருப்பதில்லை, உடனே மருந்து தொடங்குகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. ஒழுங்காகச் சாப்பிட்டால் சில மாதங்களில் ரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவின் மூலம்கூடத் துணைக்குப் பரவாது. இதைக் கேட்டதும் கமிட்டியில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நானும் முதலில் நம்பவில்லை. பெரிய ஆய்வுகள் உறுதி செய்த விஷயம் இது.

கர்ப்பிணிக்கும் அப்படித்தான். ஒன்றும் செய்யாவிட்டால் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றக்கூடும். அம்மா மருந்து எடுத்து, பிள்ளைக்கும் பிறந்தவுடன் சிரப் கொடுத்தால் ஐந்து பேருக்கும் கீழே வந்துவிடும். இந்த ஒரு கணக்கைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லுங்கள், போதும்.

காசநோயைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். எச்ஐவி உள்ளவர்களை அதிகம் கொல்வது அதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

எல்லையின் இரண்டு வாசல்கள்

இந்தப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். தமிழ்நாட்டில் பரிசோதனை மையத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். சோதனைச் சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அதே மையம் ஜ்யோதிஸ். ஏஆர்டி மையத்தை அங்கே உஷஸ் என்பார்கள். பாறசாலையில் நின்றுகொண்டு "நம்பிக்கை மையம் எங்கே?" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. இரண்டு பெயரையும் கற்று வையுங்கள்.

பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் பரிசோதனை மையம் பெரும்பாலும் இருக்கும். பணம் கிடையாது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் உட்கார்ந்து பேசுவார். மாத்திரைக்கு இந்தப் பக்கம் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி, அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி. ஒரு மையத்தில் பதிந்தவர் வேலைக்காகவோ கல்யாணமாகியோ அடுத்த மாநிலத்துக்குப் போனால் டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு அங்கே மருந்தைத் தொடரலாம். பலருக்கு இது தெரியாது. ஊர் மாறினால் மருந்து நின்றுவிடும் என்று நினைத்து, வாங்காமலேயே விட்டுவிடுகிறார்கள். எந்த மாநிலத்திலிருந்தும் 1097-க்குப் போன் செய்து கேட்கலாம், கட்டணம் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஆளைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் ஒருமுறை நீங்களே அங்கே போய் வாருங்கள். எந்த பஸ், எந்தக் கட்டடம், எந்த மாடி, டோக்கன் எத்தனை மணிக்கு, டீக்கடை எங்கே. நான் முதல் தடவை ஒரு பெண்ணைக் கூட்டிப் போனபோது எனக்கே வழி தெரியாது. வராந்தாவில் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஏஆர்டி எங்கே, ஏஆர்டி எங்கே என்று கேட்டேன். அந்தப் பெண் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு இருபது அடி தள்ளிப் போய் நின்றாள். அவளோடு வந்தவள் நான் என்று தெரியக்கூடாது என்பதற்காக. அன்றைக்குத்தான் எனக்கு இந்த வேலை என்னவென்று புரிந்தது.

துபாய் மெடிக்கல்

இதை நமது பகுதிக்கென்றே எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகாத ஆண்கள், வளைகுடா விசாவுக்கான மெடிக்கலில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறார்கள். கையில் "அன்ஃபிட்" என்று ஒரு தாள். ஏன் என்று யாரும் சரியாக விளக்குவதில்லை. ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் போச்சு, வாங்கிய கடன் நிற்கிறது, வீட்டில் என்ன சொல்வது? அங்கேயே போனபின் பரிசோதனையில் தெரிந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

இப்படி ஒருவர் உங்களிடம் வந்தால் வியாதியைப் பற்றி முதலில் பேசாதீர்கள். அவருக்கு அன்றைக்குப் பெரிய கவலை கடன். அதைக் கேளுங்கள். பிறகு, அந்தத் தாளை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், அரசு மையத்தில் மறுபடி பரிசோதித்தால்தான் உறுதி என்று சொல்லுங்கள். அங்கே ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள், மூன்று விதமாகப் பார்த்துத்தான் சொல்வார்கள். மனைவிக்குச் சொல்வது அடுத்த கட்டம். அதைக் கவுன்சிலர் முன்னால் செய்வது நல்லது. நீங்கள் போய்ச் சொல்லக் கூடாது.

போதகரிடம் கேட்க வேண்டியவை

போதகர் சம்மதிக்காமல் இந்த வேலை ஓடாது. ஆனால் அவரிடம் நிறையக் கேட்காதீர்கள். இரண்டே இரண்டு.

ஒன்று, பிரசங்கத்தில் எய்ட்ஸை உதாரணமாக எடுக்கும்போது தண்டனை, சாபம் என்ற சொற்களை விட்டுவிடச் சொல்லுங்கள். சபையில் கேட்டுக்கொண்டிருக்கும் மனைவிமாரில் பலர் புருஷனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். அவர்களுக்கு எதற்குச் சாபம்? உகாண்டாவில் கிதியோன் பியாமுகிஷா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1992-ல் தனக்கு எச்ஐவி இருப்பதைத் தானே வெளியே சொன்னார். ஆப்பிரிக்காவில் அப்படிச் சொன்ன முதல் மதத்தலைவர் அவர். பீடத்தில் நிற்கிறவருக்கே வரும் என்று தெரிந்தபிறகு அங்கே சபைகளின் பேச்சு மாறியது. நமது போதகரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டு, கல்யாணம். விவாக அறிக்கை வாசிப்பதற்கு முன்னால் எச்ஐவி சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும் என்று சில சபைகள் விதி போட்டன. நல்ல எண்ணம்தான். ஆனால் கட்டாயப் பரிசோதனையைச் சட்டம் ஏற்காது. அதோடு, நிச்சயம் முடிந்து மண்டபம் பிடித்தபிறகு வரும் தாளை வைத்துக்கொண்டு போதகர் என்ன செய்வார்? கல்யாணம் நின்றால் ஊர் காரணம் கேட்காதா? அதற்குப் பதிலாக, மண ஆலோசனை வகுப்பில் இரண்டு பேரிடமும் பேசி, நிச்சயத்துக்கு முன்பே அவர்களாகப் போய்ப் பார்த்துவரச் சொல்லலாம். தாள் சபைக்கு வர வேண்டியதில்லை.

சுகமளிக்கும் கூட்டம்

இதை எழுதத் தயங்கினேன். ஆனால் எழுதாமல் விடக் கூடாது. ஒரு கூட்டத்தில் கை வைத்து ஜெபித்து, "விசுவாசம் இருந்தால் மாத்திரையை இன்றோடு விடு" என்று சொன்னதைக் கேட்டு நிறுத்திய ஒருவரை எனக்குத் தெரியும். முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தார். சாட்சிகூடச் சொன்னார். மாத்திரையை நிறுத்தினால் கிருமி திரும்பப் பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் அந்த மருந்துக்கே அடங்காத கிருமியாக மாறக்கூடும். அவர் திரும்பி வந்தபோது இரண்டாம் கட்ட மருந்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. நல்லவேளை, உயிர் தப்பினார்.

ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெபித்துவிட்டு மாத்திரையைக் கையில் கொடுங்கள். இன்னொன்று: யாரையும் சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். எச்ஐவி உள்ள ஒருவரை மேடையேற்றினால் கூட்டம் உருகும், காணிக்கையும் சேரும். மறுநாள் அவருடைய பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். 2003-ல் கேரளத்தில் பள்ளிக்கூடம் சேர்க்க மறுத்த இரண்டு பிள்ளைகளை அன்றைய மத்திய அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் கட்டியணைக்க வேண்டிவந்தது. அதுவரை ஊர் அசையவில்லை.

பணம்

ஏழைகள் நிதியிலிருந்து மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கினால் போதும். மருந்து இலவசம். தேவைப்படுவது பஸ் செலவு, அன்றைய கூலி இழப்பு, முட்டை பயறு, பிள்ளையின் நோட்டுப் புத்தகம். ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போயிற்று.

கணக்கில்தான் கவனம். வவுச்சரில் பெயர் எழுதினால் ஆடிட் அன்று பத்துப் பேர் பார்ப்பார்கள். "மருத்துவ உதவி" என்ற தலைப்பில், காசநோய், டயாலிசிஸ், கேன்சர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கணக்கு வையுங்கள். எண் மட்டும் போடுங்கள். எண்ணுக்கு உரிய பெயர் பொருளாளரிடம் ஒரு மூடிய உறையில் இருக்கட்டும். "எய்ட்ஸ் நிதி" என்று தனிப் பெட்டி வைத்தால், அதிலிருந்து வாங்குகிறவர் யார் என்று பார்க்கவே ஒரு கூட்டம் வரும்.

ஒரு டம்ளர்

அறுப்பின் பண்டிகை அசனம். நீளப் பந்தி. எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் பாயசம். ஒரு பெண்ணுக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. ஊற்றியவர் கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டே, "உங்களுக்குச் சூடு தாங்காதுல்லா, இதுல குடிங்க" என்றார். அவள் கப்பை வாங்கி இலையோரத்தில் வைத்தாள். குடிக்கவில்லை. ஆறி, மேலே ஆடை படர்ந்து, அப்படியே இலையோடு போயிற்று. பந்தியில் இருந்த யாருக்கும் எதுவும் நடந்ததாகவே தெரியாது.

உங்கள் குழு பயிற்சி கொடுக்க வேண்டியது பரிமாறுகிறவர்களுக்கு. மருத்துவ வகுப்பு வேண்டாம். பந்தி தொடங்குவதற்கு முன் சமையலறையில் நின்று, "எல்லாருக்கும் ஒரே டம்ளர், யாருக்கும் தனி கப் கிடையாது" என்று ஒரு வரி. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இறப்பு வீடும் இப்படித்தான். குளிப்பாட்டுகிறவர்கள் கையுறை போட்டுக்கொண்டால் போதும். எந்த உடலுக்கும் அதுதான் நல்ல வழக்கம். கல்லறைத் தோட்டத்தில் மூலை ஒதுக்காதீர்கள்.

கடலுக்கு அப்பால்

உலகத்தில் சுமார் 4 கோடிப் பேர் எச்ஐவியோடு வாழ்கிறார்கள், இந்தியாவில் 25 லட்சத்தை ஒட்டி. 2004-ஐ ஒட்டி உலகம் முழுவதும் எய்ட்ஸால் வருஷத்துக்கு 20 லட்சம் பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். 2024-ல் அது 6 லட்சத்துச் சொச்சம். இறங்கியதற்குக் காரணம் மருந்து மலிவானது. ஒருவருக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன மருந்தை 350 டாலருக்குத் தருகிறோம் என்று 2001-ல் அறிவித்தது நமது இந்தியக் கம்பெனி சிப்லா. மற்ற நாடுகளில் எச்ஐவி சிகிச்சைக்கு உதவ 2003-ல் அமெரிக்கா தொடங்கிய பெப்ஃபார் திட்டத்துக்கு அங்குள்ள சபைகளும் பின்னால் நின்றன. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது ஆப்பிரிக்காவில் பல கிளினிக்குகள் கதவை மூடின. சபைகள் நடத்துகிறவையும் அவற்றில் உண்டு.

நமது சபை அதற்கு என்ன செய்ய முடியும்? நமது வட்டாரத்து நர்சுகள் இல்லாத நாடு குறைவு. உங்கள் சபைப் பிள்ளை யாராவது ஆப்பிரிக்காவில் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தால், அங்கே இப்போது எது இல்லை என்று கேட்டு எழுதுங்கள். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையை அங்கே அனுப்ப என்ன வழி என்று திருமண்டல அலுவலகத்தில் கேளுங்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்குச் சட்ட விதிகள் உண்டு, நீங்களாக அனுப்ப வேண்டாம். டிசம்பர் 1 பெரும்பாலும் திருவருகைக் காலத்தில்தான் வரும். அந்த வாரத்து மன்றாட்டில் சேருங்கள். ஊர்வலம் வேண்டுமென்றால் அதற்கு அப்புறம்.

முதல் வருஷம்

யாரும் வரமாட்டார்கள். எங்களுக்குப் பதினோரு மாதம் ஒருவரும் வரவில்லை. கமிட்டியில் "இந்த ஊர்ல அந்த நோய் இல்லம்மா, எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டார்கள். பதில் சொல்லவில்லை. மூன்று பேரும் மாதம் ஒருமுறை கூடி, டயாலிசிஸ்காரருக்குப் பஸ் பணம் கொடுத்து, காசநோய்க்காரர் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். போன வீட்டு விஷயம் எதுவும் எங்கள் வாயிலிருந்து வெளியே வரவில்லை என்பதைச் சிலர் கவனித்துக்கொண்டிருந்தார்கள் போலும்.

பன்னிரண்டாவது மாதம், ஆராதனை முடிந்து செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். தன்னைப் பற்றி இல்லை, தம்பியைப் பற்றி என்றார். துபாய் மெடிக்கல் என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பஸ். தம்பி பஸ் ஸ்டாண்டுக்கு வரட்டும். நான் முன் சீட்டில் இருப்பேன், அவர் பின்னால் எங்கேயாவது ஏறிக்கொள்ளட்டும்" என்றேன்.

வந்தார். பின் படிக்கட்டில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார்.